கடவாய்ப் பல்லுக்கு ஒரு நாள் கூலி

ஏலக்காய் எடுக்கும் காலத்தில் போடிநாயக்கனூர் விடியும் முன்பே விழித்துக்கொள்ளும். முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி பக்கத்துத் தோட்டங்களுக்கு ஜீப்புகள் கிளம்புகின்றன. போவதில் பெரும்பகுதி பெண்கள். அந்த நேரத்தில் அவர்கள் வீடுகளில் பிள்ளைகள் இன்னும் போர்வைக்குள் இருப்பார்கள். எழுந்ததும் சீனி போட்ட கடுங்காப்பியும் வருக்கியும். பள்ளிக்கூடம் போகும் வழியில் தின்பதற்குக் கையில் ஐந்தோ பத்தோ. பல் விளக்கினானா, விளக்கினாளா என்று பார்க்க வீட்டில் ஆள் இல்லை.

அந்தத் தாய்மார்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் கூலி வாங்கினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். மலைக்குப் போகும் குடும்பத்தில் 12, 13 வயதுப் பிள்ளையின் பல் எப்படிச் சொத்தையாகிறது, அதைத் தடுக்கும் வேலை யாருடையது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். இது மிட்டாய் ஆசையோடு முடிகிற விஷயம் இல்லை. பாதை தூரமும் நாள் கூலியும் பள்ளிக்கூடமும் இதில் சேர்ந்திருக்கின்றன.

முதலில் நாட்டுக் கணக்கு. இந்திய பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நடத்திய தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில், 12 வயதுப் பிள்ளைகளில் 53.8 சதவீதம் பேருக்குப் பல் சொத்தை இருந்தது. 15 வயதில் அது 63.1 சதவீதம். ஏழாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இடையில் ஒன்பது சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியிருக்கிறது. கணக்கு பழையது என்று தள்ளிவிட முடியாது. அதற்குப் பிறகுதான் ஐந்து ரூபாய் பாக்கெட்டுகளும் பத்து ரூபாய்க் குளிர்பான பாட்டில்களும் கடைசி மலைக் குடியிருப்பு வரை வந்து சேர்ந்தன.

அந்த மூன்று ஆண்டுகளில் வாய்க்குள் என்னதான் நடக்கிறது? சுமார் 12 வயதில் இரண்டாவது கடவாய்ப் பல் முளைக்கிறது. வாயின் கடைக்கோடியில், பிரஷ் எட்டாத இடத்தில். புதிதாக முளைத்த பல்லின் மேல்பூச்சான எனாமல் இன்னும் முழுசாக இறுகியிருக்காது. முளைத்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள்தான் அந்தப் பல்லுக்கு ஆபத்தான காலம். அதன் மேல்பரப்பில் மயிரிழை அகலத்தில் பள்ளங்கள் ஓடும். பிரஷ்ஷின் ஒற்றை நாரைவிடக் குறுகலான பள்ளங்களும் அதில் உண்டு. பிஸ்கட் மாவு அங்கே போய் உட்கார்ந்தால் நாக்கால் துழாவினாலும் வராது. இந்தப் பல் விழுந்தால் திரும்ப முளைக்காது. இதைப் பால் பல் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள்.

பல்லின் மேல் படியும் கிருமிகள், அதிலும் முக்கியமாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், சீனியைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அமிலம் கூடி வாயின் pH அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலில் இருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். எச்சில் அந்த அமிலத்தைத் தணித்து, கரைந்ததைத் திரும்பப் பூசிச் சரிசெய்யும். அதற்கு ஏறத்தாழ அரைமணி நேரம் வேண்டும். அந்த அரைமணிக்குள் அடுத்த மிட்டாய் வாய்க்குள் போனால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம்.

ஆகவே எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பது பெரிய கேள்வி. இதை உலகுக்குக் காட்டிய ஆய்வு மனசாட்சியை உறுத்தும் ஆய்வும்கூட. 1940-களில் சுவீடனின் லுண்ட் நகரில், விபெஹோல்ம் என்ற மனநலக் காப்பகத்தில், அறிவு வளர்ச்சி குன்றிய நோயாளிகளிடம் சம்மதம் கேட்காமலே ஒட்டும் டாஃபிகளை வேளைக்கு இடையில் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் பற்கள் மளமளவென்று சொத்தையாகின. சாப்பாட்டோடு சேர்த்துச் சீனி தின்றவர்களுக்கு அந்த அளவு பாதிப்பு இல்லை. பேசத் தெரியாத மனிதர்களின் பல்லைப் பணயம் வைத்துக் கற்ற பாடம் அது. அதையும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டால் என்ன அர்த்தம்?

நம் ஊர்ப் பெட்டிக்கடையை இந்தக் கண்ணோடு பாருங்கள். முன்வரிசையில் தொங்குவது எல்லாம் ஒட்டும் பண்டம்: ஜெல்லி, டாஃபி, கிரீம் பிஸ்கட், தேன்மிட்டாய். உப்புச் சிப்ஸில் சீனி இல்லையே என்று நினைப்போம். மெல்ல மெல்ல அந்த உருளைக்கிழங்கு மாவு பள்ளங்களில் அப்பிக்கொள்ளும், எச்சிலில் சர்க்கரையாக மாறும். குளிர்பானத்தில் 100 மில்லிக்குப் பத்து, பதினோரு கிராம் சீனி இருக்கிறது. 250 மில்லி பாட்டில் என்றால் சுமார் 26 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு நாள் முழுக்கச் சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது. ஒரே பாட்டிலில் அன்றைய கணக்கு முடிந்துபோகிறது. காலைக் காப்பி, மாலைக் காப்பி, அதற்கிடையே வாங்கித் தின்றது எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. கோலா பானங்களே கடும் அமிலம். கிருமிக்குக் காத்திராமல் எனாமலை நேராகவே அரிக்கும்.

தோட்டங்களிலேயே தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு மலையில் குளிர். குளிருக்குச் சூடாக ஏதாவது குடிக்க வேண்டும், இனிப்பாகவும் வேண்டும். கடுங்காப்பியைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கச் சொல்லவில்லை. பள்ளிக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை என்று இரண்டு வேளையோடு நிறுத்தலாம். நாள் முழுக்க ஒவ்வொரு மிடறாக உறிஞ்சுவதுதான் பல்லைத் தின்கிறது.

வலி வந்த பிறகு

சொத்தை தொடங்கும்போது வலிக்காது. ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்ட மாதிரி வெள்ளையாக ஒரு தழும்பு தெரியும். அந்தக் கட்டத்தில் பல்லைக் குடையவே வேண்டாம். ஃபுளோரைடு உள்ள பேஸ்டும் சீனிக்குக் கடிவாளமும் இருந்தால் அது திரும்பவும் இறுகிவிடும். செலவு பேஸ்ட் வாங்கும் காசு மட்டும். தழும்பு பழுப்பாகி, பள்ளமாகி, எனாமலைத் தாண்டி உள்ளே போனால் அடைக்க வேண்டும். நரம்பைத் தொட்டுவிட்டால் ராத்திரி தூக்கம் போச்சு. கன்னம் வீங்கும், காய்ச்சல் அடிக்கும், மறுநாள் பரீட்சையாக இருந்தாலும் பள்ளிக்குப் போக முடியாது.

வீடுகளில் இன்றைக்கும் 'பல்லில் பூச்சி' என்றுதான் சொல்கிறார்கள். கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு வாயில் புகை பிடித்தால் பூச்சி விழும் என்ற நம்பிக்கை நம் கிராமங்களில் வெகுகாலமாக உண்டு. வெளியே விழுந்ததாகக் காட்டுவது வெந்த விதையின் முளைக்கருவைத்தான். பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் பல் புழு என்பதையே ஏற்க முடியாது என்று 1728இல் எழுதினார். கிருமி கக்கும் அமிலமே காரணம் என்று அமெரிக்கரான டபிள்யூ.டி. மில்லர் 1890இல் விளக்கினார். பூச்சி இல்லை என்பதைச் சொல்லிப் பாட்டிமார்களை நோகடிப்பதற்காக இதைக் குறிப்பிடவில்லை. புகை பிடித்து வலி தற்காலிகமாக மரத்துப்போகும் அந்த இடைவெளியில்தான் பல்லைக் காப்பாற்றும் வாய்ப்பு கைநழுவுகிறது.

இன்னொரு கைமருந்து இதைவிட மோசம். வலிக்கிற பல்லில் துளி புகையிலையை அதக்கி வைப்பது. சிறு வயதில் புகையிலை வாய்க்குள் நுழைய இதுவும் ஒரு வாசல். நாடு தழுவிய இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பு 2019இல், 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவதாகச் சொன்னது. மெல்லும் புகையிலையைத் தொட்ட பிள்ளைகளில் பாதிப்பேர் 10 வயது நிரம்பும் முன்பே தொட்டவர்கள். தமிழகத்தில் குட்கா, பான்மசாலாவுக்கு 2013 முதல் தடை இருக்கிறது. இருந்தும் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்ளும் 'கூல் லிப்' பொட்டலம் பள்ளி மாணவர்கள் வரை வந்துவிட்டதை, 2024 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலையோடு சுட்டிக்காட்டியது. இதை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்றும் கேட்டது.

துப்ப வேண்டியதில்லை, புகை இல்லை, வாசனை மிட்டாய் மாதிரி. வகுப்பறையிலேயே உட்கார்ந்திருந்தாலும் ஆசிரியருக்குத் தெரியாது. பொட்டலம் வைத்த இடத்தில் ஈறு வெளுத்துச் சுருங்கும், பல்லின் வேர் வெளியே தெரியும், அங்கே சொத்தை சீக்கிரம் பிடிக்கும். பாக்கு சேர்ந்தால் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி வாய் திறப்பதே குறையும். மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியாத பிள்ளையை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்; அது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கலாம். போடிமெட்டு இரண்டு மாநில எல்லை. ஒரு பக்கம் சோதனை கடுமையானால் சரக்கு மறுபக்கம் ஒதுங்கும். இந்தப் பக்கம் தேனி மாவட்டமும் அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் சேர்ந்து பிடித்தால் ஒழிய இது நிற்காது. 18 வயது நிறையாதவர்களுக்குப் புகையிலை கொடுத்தால் சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு. இதைக் கடைக்காரர்களுக்குச் சொல்லி எழுதி ஒட்ட வேண்டும்.

மலையிறங்கும் செலவு

போடிமெட்டிலிருந்து போடிக்கு சுமார் 26 கிலோமீட்டர். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், தங்கியிருப்பவர்கள் மெட்டுக்கு வர அதற்கு முன்பே தனிப் பாதை. போடியிலிருந்து தேனிக்கு 15 கிலோமீட்டர். அதையும் தாண்டி, க.விலக்கில்தான் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சொத்தைப் பல்லோடு ஒரு பிள்ளையைக் கீழே கூட்டிவர அம்மாவோ அப்பாவோ ஒரு நாள் கூலியை விட வேண்டும். பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளி போகும். வண்டிச் சத்தம் தனி.

வேர் சிகிச்சை என்றால் ஒரே தடவையில் பெரும்பாலும் முடியாது. இரண்டு மூன்று தடவை வர வேண்டும். தனியார் கிளினிக்கில் சில ஆயிரம் ஆகும். பல்லைப் பிடுங்க ஒரே தடவை, சில நூறு. கூலிக்குப் போகும் குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 14 வயதில் கடவாய்ப் பல்லை இழந்த பிள்ளைக்குப் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் கீழிறங்கும், ஒரு பக்கமே மெல்லப் பழகும். அந்தக் குடும்பம் அலட்சியமாக இருந்துவிட்டது என்று கீழே இருக்கிறவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் போட்டுப் பார்த்த கணக்கு சரியான கணக்குதான். அவர்களை அப்படிக் கணக்குப் போட வைத்த ஏற்பாடுதான் தவறு.

குறிப்பாகக் கொட்டக்குடி ஊராட்சிப் பக்கம், குரங்கணி, முதுவாக்குடி, கொழுக்குமலை, டாப் ஸ்டேஷன் போன்ற இடங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த நடை இன்னும் கூடுதல். முதுவர், பளியர் குடிகளின் பிள்ளைகள் பலர் விடுதியில் தங்கித்தான் படிக்கிறார்கள். விடுதிப் பையில் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் இருக்கிறதா, தீர்ந்தால் யார் வாங்கித் தருவார்கள் என்று வார்டன்கள் மாதம் ஒருமுறை பார்த்தாலே பாதி வேலை முடியும்.

அரசிடம் திட்டமே இல்லையா? இருக்கிறது. பிறந்தது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான, பள்ளிக்கே வந்தும் பரிசோதிக்கும் ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் 2013இல் தொடங்கியது. அதன் பட்டியலில் பல் நோய்களும் உண்டு. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் நடமாடும் குழு உண்டு. 2023இல் தமிழக அரசு 'புன்னகை' என்ற பெயரில் பள்ளி மாணவர்களுக்கான பல் பரிசோதனைத் திட்டத்தையும் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் பரிசோதனை என்பது டார்ச் அடித்துப் பார்த்துச் சீட்டு எழுதுவதோடு முடிந்தால், மலைப் பிள்ளைக்கு அந்தச் சீட்டு புத்தகப் பையில்தான் கிடக்கும். சீட்டில் எழுதிய இடத்துக்குப் போகத்தான் ஒரு நாள் கூலி வேண்டுமே!

சிகிச்சைதான் மேலே ஏற வேண்டும். முடியாத காரியமா என்றால், இல்லை. பல்லைக் குடையும் மின்சார இயந்திரமும் சாய்வு நாற்காலியும் இல்லாமல் சொத்தையை அடைக்கும் முறை ஒன்றை 1980-களின் நடுவில் தான்சானியாவில் உருவாக்கினார்கள். பள்ளி பெஞ்சில் பிள்ளையைப் படுக்க வைத்து, சிறு கரண்டி போன்ற கைக்கருவியால் இளகிப்போன பகுதியை மட்டும் சுரண்டி எடுப்பார்கள். கிளாஸ் அயனோமர் என்ற பொடியையும் திரவத்தையும் குழைத்து, அந்தக் குழியில் வைத்து விரலால் அழுத்துவார்கள். பக்கத்துப் பள்ளங்களும் சேர்ந்தே அடைபடும். பெரும்பாலும் ஊசி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். அந்தக் கலவையே கொஞ்சம் கொஞ்சமாக ஃபுளோரைடைக் கசியவிட்டுப் பல்லைக் காக்கும். இன்னொன்று சில்வர் டயமின் ஃபுளோரைடு. சொத்தையில் ஒரு துளி தடவினால் பெரும்பாலும் அது மேலும் பரவாமல் நிற்கும். அந்த இடம் மட்டும் கறுத்துவிடும். கடவாய்ப் பல்லில் அது ஒரு குறையே இல்லை. கிளாஸ் அயனோமர், சில்வர் டயமின் ஃபுளோரைடு, ஃபுளோரைடு பேஸ்ட் மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒரு ஜீப்பில், இரண்டு பெட்டியில் இதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம். நரம்பு வரை போன சொத்தைக்கு மட்டும்தான் கீழே இறங்க வேண்டியிருக்கும்.

செய்வதற்கு ஆள்? நம் பக்கத்திலேயே விடை இருக்கிறது. நியூசிலாந்து 1921இல் பள்ளிகளுக்கென்றே பல் செவிலியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. 1950-களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் அந்த நாட்டின் உதவியோடு இலங்கை மகரகமவில் அதேபோன்ற பயிற்சிப் பள்ளியைத் திறந்தது. அன்று முதல் பள்ளிப் பல் சிகிச்சையாளர்கள் என்ற தனிப் பிரிவே அங்கே பிள்ளைகளின் பல்லைப் பார்த்துவருகிறது. சொத்தை அடைப்பதும் பல் சுத்தம் செய்வதும் அவர்கள் வேலை. நம்மிடம் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருந்தும் பள்ளிகளில் அப்படி ஒரு பணியிடம் இல்லை. படித்து முடித்த பல் மருத்துவர்கள் நகரங்களில் தெருவுக்கு மூன்று போர்டு மாட்டிக்கொண்டு திண்டாடுகிறார்கள். அவர்களில் இருவரை வட்டாரக் குழுவோடு சேர்த்தால் போடி மலைப் பிள்ளைகளுக்கும் விடிவு, அவர்களுக்கும் வேலை.

வீட்டில் ஆக வேண்டியது

இனி வீட்டுப் பக்கம். ராத்திரி விளக்குவது காலையில் விளக்குவதைவிட முக்கியம். தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்துவிடும்; தின்றது பல்லிலேயே கிடந்து விடிய விடிய அரிக்கும். மலைக்குப் போன அம்மா சாயங்காலம் வீட்டில்தான் இருப்பார். காலையில் பார்க்க முடியாததை ராத்திரி பார்க்கலாம். விளக்கிய பிறகு போனைப் பார்த்துக்கொண்டே முறுக்கு கொறிப்பதை நிறுத்தினால் போதும்.

செங்கல் பொடி, சாம்பல், கரித்தூள் எல்லாம் எனாமலைத் தேய்த்துவிடும். ஆலங்குச்சி, வேப்பங்குச்சி நல்லதுதான், அழுக்கை எடுக்கும். ஆனால் கரைந்த சுண்ணாம்பைத் திரும்ப இறுக்கும் ஃபுளோரைடு அதில் இல்லை. மூலிகை பேஸ்ட் வாங்குகிறவர்கள் பின்பக்க எழுத்தைப் படியுங்கள். சோடியம் ஃபுளோரைடு அல்லது சோடியம் மோனோ ஃபுளோரோ பாஸ்பேட் என்று இருந்தால் சரி. பத்து ரூபாய்ப் பேஸ்ட்டாக இருந்தாலும் சரி. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தண்ணீரில் ஃபுளோரைடு கூடிப் பல் கறை படிந்ததைக் கேள்விப்பட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. அது நாள்தோறும் குடித்ததால் வந்தது. பேஸ்ட்டைத் துப்பிவிடுகிறோம். துப்பிய பிறகு வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விட்டால் இன்னும் நல்லது. மிச்சமிருக்கும் ஃபுளோரைடு ராத்திரி முழுக்க வேலை செய்யும்.

வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அந்த வயதில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சட்டென்று வீங்கும், விளக்கினால் ரத்தம் கசியும். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தில் பிரஷ் படாமல் விட்டுவிடுகிறார்கள். விட்டால் அழுக்கு சேர்ந்து இன்னும் கசியும். மென்மையான பிரஷ்ஷால் தொடர்ந்து விளக்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஜீப் வராத நாளில், வீட்டு வாசலில் வெயில் படும் இடத்தில் உட்கார வைத்து 12, 13 வயதுப் பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கடவாய்ப் பல்லில் பழுப்புப் பள்ளமோ, ஈறோரம் வெள்ளைக் கோடோ, உதட்டின் உட்புறம் சுருங்கிய வெளுப்போ தெரிந்தால் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். பள்ளிக்கு நடமாடும் மருத்துவக் குழு எப்போது வரும் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அந்தக் குழுவோடு பல் மருத்துவர் ஒருவரும் மலைக்கு வர வேண்டும், பார்த்த அன்றே அங்கேயே அடைத்துவிட்டுப் போக வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள்.